தண்ணீர் பாட்டில் இல்லாமல் பேருந்தில் ஏறிய நாள்

2022 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை. நத்தம் பேருந்து சாணார்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சை இழுக்க இழுக்க உள்ளே போகவில்லை. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல மரத்துப்போனது. பக்கத்தில் இருந்த அக்கா, "என்ன டீச்சர், இப்படி வேர்த்திருக்கு" என்று முந்தானையால் விசிறினார். நடத்துநர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். யாரோ ஆட்டோ பிடித்து என்னைத் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். கோடுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அரை மணி நேரத்தில் நானும் சரியாகிவிட்டேன். "கேஸ் ட்ரபுளா இருக்கும், வெறும் வயிற்றோட கிளம்பாதீங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

நான் கணக்கு டீச்சர். அப்போது வயது 41. திண்டுக்கல்லில் வீடு, கோபால்பட்டி தாண்டிப் பள்ளிக்கூடம். பதினோரு வருடமாகப் போய்வந்த பாதை அது. எந்தத் திருப்பத்தில் புளியமரம், எந்த மேட்டில் வண்டி திணறும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அந்தப் பாதைதான் எனக்கு எமனாகிப்போனது.

அடுத்த ஐந்து மாதத்தில் நாற்பது தடவைக்கு மேல் வந்துவிட்டது. இரண்டு முறை நடுராத்திரியில் மருத்துவமனைக்கு ஓடினோம். எக்கோ எடுத்தோம், டிரெட்மில் பரிசோதனை செய்தோம், தைராய்டு பார்த்தோம், ரத்தச்சோகை பார்த்தோம். எல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரம் ரூபாய் போனது. அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும். ரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும். இதயத்தில் கோளாறு இருந்தால் அதைத் தவறவிடக் கூடாது. உடம்பை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும். நான் செய்த தவறு, ஒருமுறை பார்த்துச் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபிறகும் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான். ஒவ்வொரு ஈசிஜியும் இரண்டு நாள் நிம்மதி தந்தது. மூன்றாம் நாள், "அந்த மெஷின் சரியாக வேலை செய்ததா?" என்ற சந்தேகம் வந்துவிடும்.

பயம் ஒவ்வொரு பயணத்துக்கும் நிபந்தனை போட ஆரம்பித்தது. ஜன்னல் ஓரம் வேண்டும். அதுவும் கதவுக்குப் பக்கத்தில் வேண்டும். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வேண்டும். பையில் வாய்க்குள் போடும் மாத்திரை ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்று. கடைசியில் என் வீட்டுக்காரர் பேருந்துக்குப் பின்னாலேயே பைக்கில் வர ஆரம்பித்தார். பள்ளிக்கூடம்வரை வந்து, நான் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பிறகு தன் வேலைக்கு ஓடுவார். அவர் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. அந்த அன்பே என் நோய்க்கு உரமாகிறது என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

அம்மா தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துத் தாயத்து கட்டினாள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டாள். அங்கே போய் உட்கார்ந்தபோது மனசு கொஞ்சம் அமைதியானது உண்மை. ஆனால் "மனநல டாக்டரைப் பார்த்தால் என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்ட அன்று அம்மா அழுதுவிட்டாள். "ஏர்வாடிக்குப் போற அளவுக்கா எம்புள்ளைக்கு ஆகிப்போச்சு?"

அவளைக் குறை சொல்ல முடியாது. சென்னைப் பக்கம் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கேலி செய்வார்கள். எங்கள் பக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிவதற்குள் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். நான் அப்போது பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. எங்கள் ஊர்களில் 'மனநலம்' என்ற சொல்லோடு அந்தச் சங்கிலிச் சத்தமும் சேர்ந்தே கேட்கிறது. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. நம்முடைய சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கும் எடுத்துச் சொன்னேன்.

முதலில் போனது தப்பான இடம். 2023 மார்ச்சில், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, "கவுன்சிலிங்" என்று பலகை வைத்திருந்த ஒருவரிடம் போனோம். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் அவரே பேசினார். "கவர்மெண்ட் உத்தியோகம், நல்ல வீட்டுக்காரர், படிக்கிற பிள்ளைங்க. உங்களுக்கு என்னம்மா குறை? எதையும் பாசிட்டிவா எடுத்துக்கங்க" என்றார். நான் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு விஷயத்தை, வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொல்லிவிட்டார். மாமியார் வீட்டைப் பற்றிய ஒரு சின்ன மனத்தாங்கல்தான் அது. ஆனால் அன்று இரவு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்து மூன்று மாதம் வீணாக்கினேன்.

இதைப் படிக்கிறவர்கள் அந்த மூன்று மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிற நிலைதான் இன்னும் இருக்கிறது. சைக்யாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்ந்த இரண்டு வருட எம்.ஃபில். போன்ற படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர், மாத்திரை எழுதமாட்டார். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சமூகப் பணியில் மனநலப் பிரிவு படித்தவர்களும், ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்தவர்களும் நல்ல வேலை செய்கிறார்கள். எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள், என் மாதிரிப் பிரச்சினைக்கு என்ன முறையில் வேலை செய்வீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். நல்லவர்கள் கோபப்படமாட்டார்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடலாம். புத்திமதி சொல்கிறவர், மதத்தை உள்ளே கொண்டுவருகிறவர், மூன்றே நாளில் குணம் என்கிறவர், நாம் சொன்னதை நம் அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்கிறவர் ஆகியோரிடமிருந்தும் அப்படியே.

மாவட்ட அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, மனநலப் பிரிவில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பத்து நிமிடம்தான். வெளியே கூட்டம் நின்றது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கேட்ட எட்டு கேள்வியும் குறிபார்த்து அடித்த மாதிரி இருந்தன. "இதுக்குப் பேரு பேனிக் டிசார்டர், அதாவது பீதி நோய். உயிருக்கு ஆபத்து கிடையாது. ஆனா சும்மா விட்டா வீட்டோட முடக்கிப் போட்டுடும். மாத்திரை தர்றேன், வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். கூடவே சைக்காலஜிஸ்ட்கிட்ட முறையா தெரபி எடுத்தீங்கன்னா நல்லது" என்றார். பெயர் இருக்கிறது என்று கேட்டவுடனேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் இருக்கிறதென்றால் எனக்கு முன்னால் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது.

மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் குமட்டல் இருந்தது, தூக்கம் கலைந்தது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். பழக்கமாகிவிடுமோ என்ற பயத்தில் பலர் நடுவில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வந்து நோயே திரும்பியதுபோல இருக்கும். நான் ஒரு வருடம் சாப்பிட்டேன். டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார்.

2023 ஜூனில் மதுரையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் தெரபி தொடங்கினேன். என்னைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் எனக்கு அவர் மேடம்தான். ஒரு சந்திப்பு 50 நிமிடம், 1,000 ரூபாய். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று டிசம்பர்வரை மொத்தம் பதினாறு சந்திப்பு.

முதல் நாள் உட்கார்ந்தவுடனேயே விதிமுறையைச் சொன்னார். இங்கே பேசுவது வெளியே போகாது. மூன்று இடத்தில் மட்டும் விலக்கு: என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாவது தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, என்ன சொல்லக் கூடாது என்பதை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். மார்ச்சில் பட்ட சூட்டுக்கு அதுவே மருந்தாக இருந்தது.

அதன்பிறகு நான் எதிர்பார்த்தது ஆறுதல். அவர் கேட்டது விவரம். "கடைசியா எப்ப வந்துச்சு? எங்க உட்கார்ந்திருந்தீங்க? முதல்ல உடம்புல என்ன தெரிஞ்சுது? அப்ப மனசுல ஓடின வார்த்தை என்ன?" நிமிடத்துக்கு நிமிடம் கேட்டு ஒரு தாளில் வட்டம் போட்டார். வண்டி குலுங்கியதில் நெஞ்சு லேசாகத் துடிக்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று ஓர் எண்ணம். எண்ணத்தால் பயம். பயத்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. அதைப் பார்த்து 'சரிதான், ஹார்ட் அட்டாக்கேதான்' என்று எண்ணம் உறுதிப்படுகிறது. அம்புக்குறி சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986இல் எழுதிய விளக்கம் இது. இந்த முறைக்கே அடிப்படை போட்டவர் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1960களில் நோயாளிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைக் கவனிக்கத் தொடங்கினார். நான் கணக்கு டீச்சர் என்பதால் வட்டத்தைப் பார்த்ததும் பிடித்துப்போனது. ஏழு மாதம் பேய்போல் ஆட்டிய ஒன்றுக்கு ஒரு வரிசை இருந்தது. வரிசை இருந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டலாம்.

விரலும் உதடும் ஏன் மரத்தன என்பதையும் அவர்தான் சொன்னார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் மரப்பு, தலைசுற்றல், 'காற்று போதவில்லை' என்ற உணர்வு. காற்று போதாமல் இல்லை, அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது.

"இத்தனை தடவை வந்திருக்கே, ஒரு தடவையாச்சும் மயங்கி விழுந்தீங்களா?"

"இல்ல."

"ஏன் விழலைன்னு நினைக்கிறீங்க?"

"தண்ணி குடிச்சேன். கதவுகிட்ட உட்கார்ந்தேன். அவர் பின்னால வந்தார்."

சொல்லிவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ராசியான பேனா என்று ஒன்று வைத்திருப்பான். அந்தப் பேனாவில் எழுதித்தான் பாஸானேன் என்பான். நன்றாகப் படித்துத்தான் பாஸாகிறான், ஆனால் பெருமை பேனாவுக்கு. அது இல்லாமல் ஒரு பரீட்சையாவது எழுதினால்தானே தெரியும்? என் பாட்டில், என் எலுமிச்சம்பழம், பைக்கில் வந்த என் வீட்டுக்காரர் எல்லாமே அந்தப் பேனாதான். சாகாமல் பிழைத்த ஒவ்வொரு நாளும் அவற்றால்தான் பிழைத்தேன் என்று நம்பினேன். பாட்டில் இல்லாமலும் பிழைப்பேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

நாலாவது சந்திப்பில் அவர் செய்யச் சொன்னதை இன்று நினைத்தாலும் வயிறு கலங்கும். "ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு விடுங்க. நானும் உங்ககூடச் செய்றேன்." என் இதயம் நன்றாக இருப்பதற்கான பரிசோதனை முடிவுகளை முன்பே வாங்கிப் பார்த்திருந்தார். நாற்பதாவது விநாடியில் விரல் மரத்தது. கண் இருட்டியது. நெஞ்சு அடித்தது. பேருந்தில் வந்த அதே அத்தனையும் வந்தன. நிமிடம் முடிந்ததும் எதையும் செய்யாமல், தண்ணீர் குடிக்காமல், அப்படியே உட்காரச் சொன்னார். மூன்று நாலு நிமிடத்தில் வந்ததெல்லாம் வந்த வழியே இறங்கிப்போனது.

"பஸ்ல வர்றதும் இதுதானா?"

"இதேதான்."

"இப்ப வரவழைச்சது யாரு?"

"நான்தான்."

பிறகு ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியாக மட்டும் மூச்சு விடுவது, நாற்காலியில் சுற்றுவது, மாடிப்படியில் ஏறி இறங்குவது எல்லாம் வீட்டுப்பாடமாக வந்தன. நோட்டுப் போட்டு எழுதினேன்: தேதி, என்ன செய்தேன், பயம் நூற்றுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் இறங்கியது. பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவள், வீட்டுப்பாடத்தின் அருமையை அந்த நோட்டில்தான் கண்டேன். வாரத்தில் 50 நிமிடம் அவரோடு. மிச்ச நாளெல்லாம் நோட்டோடு.

பேருந்துக்கு ஓர் ஏணி போட்டோம். பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நிற்பது, பயம் 25. வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க இரண்டு நிறுத்தம் போவது, 40. அவர் பின்னால் வராமல் சாணார்பட்டிவரை போவது, 70. பாட்டில் இல்லாமல், எலுமிச்சம்பழம் இல்லாமல், நடு வரிசையில், கூட்ட நேரத்தில் பள்ளிக்கூடம்வரை தனியாகப் போவது, 95. கீழ்ப்படி சலித்துப்போகும்வரை செய்துவிட்டு அடுத்த படி.

ஜூலையில் ஒருநாள் நடுவழியில் இறங்கிவிட்டேன். சாலையோரம் நின்று அழுதேன். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு மதுரைக்குப் போய்ச் சொன்னேன். மேடம் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "இறங்குறதுக்கு முன்னால பயம் எவ்வளவு?" "90." "இறங்கினதும்?" "30." "அப்ப உங்க மூளை என்ன பாடம் படிச்சிருக்கும்?" நான் யோசித்துச் சொன்னேன்: "இறங்கினாத்தான் பிழைக்கலாம்னு." "அடுத்த தடவை 90லயே ஏழெட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தா என்ன பாடம் படிக்கும்?" அறிவுரை எங்கள் ஊரில் இலவசமாகக் கிடைக்கிறது. அம்மா, நாத்தனார், சக ஆசிரியர்கள், பேருந்தில் பக்கத்து சீட்டு அக்கா, எல்லாரும் கொடுத்தார்கள். தப்பான படியை என்னை விட்டே கண்டுபிடிக்கவைத்தது இங்கே மட்டும்தான். நான் பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லிவிடும் அவசரத்தை அதன்பிறகு குறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரையும் ஒரு சந்திப்புக்கு அழைத்தார், என் சம்மதத்தோடு. பின்னால் பைக்கில் வருவதை நிறுத்த வேண்டும் என்றபோது அவர் முகம் வாடிப்போனது. "விழுந்துட்டா யாரு மேடம் பார்ப்பா?" என்று கேட்டார். நான் விழமாட்டேன் என்று அவரும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: "இப்ப எப்படி இருக்கு, பயமா இருக்கா?" என்று மணிக்கொருமுறை போன் செய்யாமல் இருப்பது. பெரிய கஷ்டப்பட்டுத்தான் செய்தார். பீதி நோய் உள்ளவரின் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தாங்கிப் பிடிப்பதற்கும் முடக்கிப் போடுவதற்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. அதைத் தெரபிஸ்டோடு உட்கார்ந்துதான் போட முடியும்.

ஒன்பதாவது சந்திப்பில் தம்பியைப் பற்றிப் பேசினேன்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், திருப்பூரில் என் தம்பி இறந்துபோனான். வயது 35. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து போன் செய்து, "அக்கா, மூச்சு வாங்குது, அப்புறம் பேசுறேன்" என்றான். அந்த அப்புறம் வரவே இல்லை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அழுது தீர்க்க ஒப்பாரி இல்லை, கூட்டம் இல்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆறு பேர். அடுத்த வாரம் ஆன்லைன் வகுப்பு எடுத்தேன்.

மூச்சு என்ற சொல் அன்று என் வாயில் வந்ததும் எனக்கே புரிந்துவிட்டது. உடனே, 'கண்டுபிடித்துவிட்டோம், இனி நோய் போய்விடும்' என்று நினைத்தேன். கதைகளில் அப்படித்தானே நடக்கிறது? மேடம் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம். ஆனால் காரணம் தெரிவதாலேயே பேருந்துப் பயம் போகாது, ஏணியில் ஏறித்தான் போகும் என்றார். துக்கத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கினோம். அவர் சொன்னதும் உண்மையானது. அந்த வாரமும் பேருந்தில் பயம் 60க்குத்தான் நின்றது.

துக்கத்துக்காக அவர் செய்யச் சொன்னவை எளிமையானவை. தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். சொல்ல நினைத்து விட்டுப்போனதையெல்லாம், அவன் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து. செத்தவன் மேல் கோபப்படலாமா என்று இரண்டு வருடமாக விழுங்கியிருந்தேன். கடிதத்தை அவர் முன்னால் வாசித்தேன். அரை மணி நேரம் அழுதேன். ஒப்பாரி வைக்காமல் போன வீட்டில், அடுத்த விடுமுறையில், அம்மாவும் நானும் தம்பி மனைவியும் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசினோம். அவன் சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, ஓடிப்போய் ஊட்டியில் பிடிபட்டது. அம்மா சிரித்து அழுதாள். அன்றிலிருந்து அவள் மதுரைப் பயணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லாப் பிரச்சினைக்கும் கவுன்சிலிங் மருந்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம். அந்தப் பெண் கவுன்சிலரிடம் ஆறு மாதம் போனார். வீட்டுக்காரர் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. அவர் வரவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் சம்பளக் கணக்கைத் தன் பெயரில் தனியாக வைத்துக்கொள்வது, பிள்ளையின் படிப்பு எங்கே, தான் எதைச் சகிப்பது எதைச் சகிக்காமல் இருப்பது என்ற முடிவுகளைத் தெளிவாக எடுத்தார். அவருக்குக் கிடைத்தது அதுதான், அது சின்னதல்ல. கடனைக் கவுன்சிலர் அடைக்கமாட்டார். மாமியாரை மாற்றமாட்டார். அடி வாங்கும் பெண்ணுக்கு மனசைச் சரிசெய்வதற்கு முன்னால் பாதுகாப்பு வேண்டும். 181 மகளிர் உதவி எண்ணை முதலில் அழைக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட சிக்கல், ஒரு முடிவு, ஓர் இழப்பு என்றால் சில சந்திப்புகளில் முடிகிற ஆலோசனையே போதும். என்னைப்போல் நோயாகிவிட்டது என்றாலோ, சின்ன வயதிலிருந்து வருகிற காயம் என்றாலோ, முறையான உளச்சிகிச்சை வேண்டும், காலம் எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றும் கிடையாது. நாலைந்து சந்திப்பு ஆகியும் என்ன நோக்கத்தில் போகிறோம் என்றே தெரியவில்லையென்றால், அதையே அவரிடம் பேச வேண்டும். பேசியும் தெளியவில்லை என்றால் வேறு ஒருவரைப் பார்க்கலாம். டாக்டர் மாற்றுவதுபோலத்தான்.

பணம் ஒரு தடைதான். எனக்குப் பதினாறாயிரமும் மதுரைப் பேருந்துக் கட்டணமும் ஆனது. அரசு ஆசிரியர் என்பதால் சமாளித்தேன். முடியாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மருத்துவமும் மாத்திரையும் இலவசம். அங்கே சைக்காலஜிஸ்ட் உண்டா, எந்த நாளில் பார்ப்பார் என்று சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறவர்கள் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. சென்னையில் 1986இலிருந்து சிநேகா அமைப்பு அதற்காகவே இயங்குகிறது. 044-24640050 என்ற எண்ணில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அக்டோபர் மாதம், பாட்டில் இல்லாமல் ஏறினேன். ஏணியில் கடைசிப் படி. நடு வரிசை, இருபக்கமும் ஆள், நிற்கிறவர்களின் பை என் தோளில். சாணார்பட்டியில் வந்தது. 85. நோட்டில் எழுதிப் பழகியதால் எண் தானாக வந்தது. 'வா, எவ்வளவு தூரம் போகிறாய் பார்க்கிறேன்' என்று உட்கார்ந்திருந்தேன். அடுத்த இரண்டு நிறுத்தத்தில் 50. கோபால்பட்டியில் 20. இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது தொண்டை வறண்டிருந்தது, சமையல் கூடத்து அக்காவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருமுறை திரும்பி வந்தது. பெண்ணுக்குக் காய்ச்சல், மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. மேடம் கடைசிச் சந்திப்பில் இதற்கென்றே ஒரு தாள் எழுதவைத்திருந்தார்: எப்போது திரும்ப வரலாம், வந்தால் என்ன செய்வேன், எத்தனை நாளில் சரியாகாவிட்டால் போன் செய்வேன். அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். மாடிப்படி ஏறி இறங்கினேன். மறுநாள் அதே பேருந்தில் போனேன். போன் செய்யும் அளவுக்குப் போகவில்லை.

நான் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதால் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள், தூரத்துச் சொந்தங்கள் எனப் பலர் தனியாக வந்து கேட்கிறார்கள். பலரும் கேட்பது செலவையோ மாத்திரையையோ இல்லை. "போன் பண்ணி என்னன்னு டீச்சர் சொல்றது?" என்றுதான். எனக்கும் அதுவே தடையாக இருந்தது. முதல் கவுன்சிலரிடம் பட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு 14416 என்ற எண்ணை அழுத்தினேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். என் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை ஒரு பெண் குரல் "வணக்கம், சொல்லுங்க" என்றது. நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு அடிக்கடி பயம் வருது. ஹார்ட்ல ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க. நான் யாரைப் பார்க்கணும்?"

"எந்த ஊர்லேர்ந்து பேசுறீங்க?" என்று கேட்டார். மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னவர் அவர்தான்.